தரவரிசைப் போட்டியா, தரக்கணக்குத் தொடரா? ஸ்னூக்கர் கலைச்சொல் ஒன்றைக் குறித்து

குழுவினர் அனைவருக்கும் வணக்கம்.

மேசைமீது கோலால் பந்துகளைக் குழிகளில் தள்ளி ஆடும் ஸ்னூக்கருக்கான நம் சொற்பட்டியலில், ‘ரேங்கிங் டோர்னமென்ட்’ (அதாவது, முடிவுகள் ஆட்டக்காரரின் உலகத் தரவரிசைக்குக் கணக்கில் கொள்ளப்படும் போட்டி) என்பதற்கு நேரே ‘தரவரிசைப் போட்டி’ என்று எழுதி முடித்துவிடலாம் என்பதே முந்தைய மடல்களில் பெரும்பாலானவற்றின் கருத்தாக இருக்கிறது. ‘தரவரிசை’ என்னும் சொல்லில் எனக்கு மறுப்பு ஏதுமில்லை. டென்னிஸ், பூப்பந்து, சதுரங்கச் செய்திகளின் வழியாக அது நம் வாசகர்களிடம் எப்போதோ நிலைபெற்றுவிட்டது. அதை அசைக்க முயல்வது வீண்வேலை. என் தயக்கமெல்லாம் அதனோடு ‘போட்டி’யை ஒட்டும்போது பிறக்கும் பொருளைப் பற்றியது.

இந்த விளையாட்டை அறியாத ஒருவர் ‘தரவரிசைப் போட்டி’ என்று படித்தால், தரவரிசையைப் பார்த்து ஆட்டக்காரர்களைச் சேர்த்துக்கொண்ட போட்டி என்றுதான் முதலில் எண்ணுவார். அப்படிப்பட்ட போட்டி ஒன்று உண்மையிலேயே இருக்கிறது. 1975இல் தொடங்கி, இப்போது லண்டனின் அலெக்சாண்டிரா பேலஸில் ஆடப்படும் மாஸ்டர்ஸுக்கு உலகத் தரவரிசையின் முதல் பதினாறு பேர் மட்டுமே அழைக்கப்படுகிறார்கள். ஆயினும் அங்கே வெல்லும் பணத்தில் ஒரு பவுண்டுகூட அவர்களுடைய தரவரிசையில் சேர்வதில்லை. மாஸ்டர்ஸ் போன்றவற்றை விலக்கிக் காட்டுவதற்காகவே ஆக்கப்படும் ஒரு சொல், மாஸ்டர்ஸுக்கே எல்லாவற்றையும்விட நன்றாகப் பொருந்தி நிற்குமானால், அதைப் பட்டியலில் ஏற்றுவதற்கு முன் இன்னொரு முறை யோசிப்பது நல்லது.

போட்டியின் பெயரைப் பார்த்து வாசகர் புரிந்துகொள்வார் என்றும் விட்டுவிட முடியாது. பெர்லினில் நடக்கும் ஜெர்மன் மாஸ்டர்ஸும், 2024இல் ஜட் டிரம்ப் ஐந்து லட்சம் பவுண்டு வென்ற சவுதி அரேபியா மாஸ்டர்ஸும் தரவரிசையில் சேர்பவை. அதே ஆண்டில் அதே நாட்டின் ரியாத் நகரில், இருபது புள்ளி பெறும் தங்கப் பந்தொன்றை மேசையில் வைத்து நடத்தப்பட்ட போட்டியோ தரவரிசையில் சேராதது. மூன்றின் பெயரிலும் ‘மாஸ்டர்ஸ்’ உண்டு.

இந்தப் பாகுபாடு எப்படி உண்டாயிற்று என்பதை நினைவில் கொண்டால் சொல்லாக்கம் எளிதாகும். ஸ்னூக்கரில் தரவரிசை முதன்முதலாக 1976-77 பருவத்துக்கு வெளியிடப்பட்டபோது, முந்தைய மூன்று உலக வெற்றியாளர் போட்டிகளின் முடிவுகளை மட்டுமே பார்த்து ரே ரியர்டனுக்கு முதலிடம் தரப்பட்டது. உலக வெற்றியாளர் போட்டி ஒன்றே கணக்கில் கொள்ளப்பட்டதால், அந்நாளில் இப்படியொரு வகைப்பெயருக்குத் தேவை எழவில்லை. 1982இல் வேறு போட்டிகளையும் சேர்க்கத் தொடங்கிய பிறகுதான் கணக்கில் சேர்பவை, சேராதவை என்னும் பிரிவு பிறந்தது. ஆகவே இச்சொல்லின் உயிர் ‘சேர்வது’ என்னும் கருத்தில்தான் இருக்கிறது என்பது என் துணிபு.

‘தரப்புள்ளிப் போட்டி’ என்று ஒருவர் முன்மொழிந்திருந்தார். பத்துப் பதினைந்து ஆண்டுகளுக்கு முன்பு என்றால் அதை நானே ஆதரித்திருப்பேன். ஆனால் 2014-15 பருவத்திலிருந்து ஸ்னூக்கர் தரவரிசையில் புள்ளி என்பதே கிடையாது. ஓர் ஆட்டக்காரர் கடந்த ஈராண்டில் இத்தகைய போட்டிகளில் ஈட்டிய பரிசுப் பணத்தின் கூட்டுத்தொகையே அவருடைய இடத்தைத் தீர்மானிக்கிறது. புதிய பருவத்தின் பணம் சேரச் சேர, ஈராண்டுக்கு முந்தைய பணம் கழிந்துகொண்டே போகும். மேலும், ஸ்னூக்கரில் ‘புள்ளி’க்கு ஏற்கெனவே மேசை மீது வேலை நிரம்ப இருக்கிறது: சிவப்புப் பந்துக்கு ஒன்று, கறுப்புப் பந்துக்கு ஏழு, ஒரே வரவில் (ஒருவர் இடைவிடாமல் தொடர்ந்து ஆடும் ஒரு முறையில்) 147 என்று அது ஓயாமல் வந்துகொண்டிருக்கும்போது, தரவரிசைக்கும் அதையே பயன்படுத்தினால் நம் செய்தியாளர்கள் பாடு திண்டாட்டமாகிவிடும்.

அப்படியானால் ‘பரிசுத்தொகைப் போட்டி’ என்னலாமே என்ற யோசனையும் நிற்காது. மாஸ்டர்ஸிலும் பெரும் பரிசு உண்டு. தரவரிசையில் சேரும் போட்டிகளிலேயேகூட, ஒரே வரவில் மிகுதியான புள்ளி எடுத்தவருக்குத் தரப்படும் தனிப்பரிசு கணக்கில் வராது.

‘தரமீட்டுப் போட்டி’ அழகான ஆக்கம்தான். தரத்தை ஈட்டுவது என்று ஆக்கியவர் எண்ணியிருக்கிறார். ஆனால் படிப்பவர் அதை ‘தரம், மீட்டு’ என்றே பிரிப்பார். நம் சிங்கப்பூர்த் தேக்காவின் அடகுக் கடையில் வைத்த தரத்தை மீட்கப் புறப்பட்டவர்போல ஆட்டக்காரர் தோன்றிவிடுவார்.

என் முன்மொழிவு ‘தரக்கணக்குத் தொடர்’. இங்கே கோப்பிக்கடையில் பின்னிரவு நேரலையைப் பற்றிப் பேசிக்கொள்பவர்களும் “இது ரேங்கிங் கணக்கில சேருமா?” என்றுதான் கேட்கிறார்கள், அந்தக் ‘கணக்கை’ நாம் அப்படியே எடுத்துக்கொள்ளலாம். எதிர்ச்சொல்லும் தானாகவே கிடைக்கிறது: ‘தரக்கணக்கில் சேராத தொடர்’. ‘போட்டி’யைத் தவிர்த்ததற்கு இரண்டு காரணங்கள் உண்டு. ‘கணக்குப் போட்டி’ என்றால் பள்ளிப் பிள்ளைகளுக்கான கணிதப் போட்டியே பெற்றோர் நினைவுக்கு வரும் என்பது ஒன்று. மற்றொன்று, நம் செய்திகளில் இருவர் ஆடும் தனி ஆட்டமும் போட்டிதான், ஷெஃபீல்டின் குரூசிபிள் அரங்கில் பதினேழு நாள் நடக்கும் உலக வெற்றியாளர் போட்டியும் போட்டிதான். நிகழ்வுகளின் பெயர்களில் ‘போட்டி’ இருந்துவிட்டுப் போகட்டும். வகையைச் சொல்லும்போது ‘தொடர்’ என்றும், இருவர் மோதுவதை ‘ஆட்டம்’ என்றும் பிரித்துக்கொண்டால் குழப்பம் குறையும்.

அன்புடன்,
தெம்பனிஸ்வாசி

மறுமொழி

வணக்கம் ஐயா. மாஸ்டர்ஸைப் பற்றிய உங்கள் வாதத்தை முழுமையாக ஏற்கிறேன். ‘தரவரிசைப் போட்டி’யை ஆதரித்து எழுதியவர்களுள் நானும் ஒருத்தி. எனினும் இரண்டு ஐயங்கள். முதலாவதாக, ‘தரக்கணக்கு’ என்று சுருக்கும்போது வாசகருக்குப் பழகிய ‘தரவரிசை’ கண்ணிலிருந்து மறைந்துவிடுகிறது. ‘வீவக’ (வீடமைப்பு வளர்ச்சிக் கழகம்), ‘மசே நிதி’ (மத்திய சேம நிதி) போன்ற சுருக்கங்களை நம் மக்கள் இயல்பாகச் சொல்கிறார்கள் என்றால், முழுப்பெயர் பலகாலம் கண்ணில் பட்ட பிறகு சுருக்கம் வந்ததே அதற்குக் காரணம். ஆகவே செய்தியில் முதன்முறை ‘தரவரிசைக் கணக்கில் சேரும் தொடர்’ என விரித்தெழுதி, பிறகு சுருக்கிக்கொள்ளப் பரிந்துரைக்கலாம்.

இரண்டாவதாக, 2015இல் சிங்கப்பூரில் நடந்த தென்கிழக்காசிய விளையாட்டுகளிலும் ஸ்னூக்கர் இடம்பெற்றது. அதை ‘தரக்கணக்கில் சேராத தொடர்’ என்று எழுதலாமா?

பிடோக் தோழி

மறுமொழி

அன்புள்ள தோழிக்கு, விரிவும் சுருக்கமும் பற்றிய உங்கள் யோசனை என்னுடையதைவிட நன்றாக இருக்கிறது, அப்படியே பதிவோம்.

தென்கிழக்காசிய விளையாட்டுகளுக்கு அந்த எதிர்ச்சொல்லைப் பயன்படுத்தலாகாது என்று கருதுகிறேன். மாஸ்டர்ஸ் தொழில்முறை ஆட்டத்தின் எல்லைக்குள் இருந்துகொண்டே கணக்கில் சேராதது. அதனால்தான் அதைப் பிரித்துச் சொல்லவேண்டியிருக்கிறது. நாடுகளின் அணிகள் பதக்கத்துக்காக ஆடும் விளையாட்டு விழாவோ அந்த எல்லைக்கே வெளியில் இருக்கிறது; ஒரு திருமண மண்டபத்தை ‘வாக்குச்சாவடி அல்லாத இடம்’ என்று யாரும் எழுதுவதில்லை. அதேபோல, நம் சிங்கப்பூர் ஆட்டக்காரர் பீட்டர் கில்கிறிஸ்ட் உலகப் பட்டங்களை வென்றது பில்லியர்ட்ஸ் என்னும் வேறொரு மேசை ஆட்டத்தில் என்பதால், அவரைப் பற்றிய செய்திகளிலும் இச்சொல் தலைகாட்டக் கூடாது. பதிவில் ‘தொழில்முறை ஸ்னூக்கருக்கு மட்டும்’ என்ற குறிப்பைச் சேர்த்துவிடுகிறேன்.

‘ஃபிரேம்’ (ஓர் ஆட்டத்துக்குள் வரும் ஒரு சுற்று) பற்றி எழுத விரும்புவோர் தயைகூர்ந்து தனித் தலைப்பில் தொடங்குங்கள். அதை ‘சட்டம்’ என்று மொழிபெயர்த்த மடலுக்கு அங்கே விரிவாகவே மறுப்பு எழுதவேண்டியிருக்கிறது.

தெம்பனிஸ்வாசி