மறு: எக்ஸாஸ்ட் கேஸ்கட்டுக்கு எந்தச் சொல்?

நண்பர்களே, மோட்டார்ஹோம் பழுதுபார்க்கும் நம் தமிழ்க் கையேட்டில், எக்ஸாஸ்ட் (எஞ்சின் புகை வெளியேறும் வழி) இணைப்புகளில் கசியாமல் வைக்கும் கேஸ்கட்டுக்கு என்ன பெயர் என்ற பேச்சுக்கு என் பதில்.

> 'கசிவுத்தடுப்பான்' என்றே வைக்கலாமே, எல்லாருக்கும் புரியும்.

புரியும்தான். ஆனால் ஆயில் சீலும் கசிவைத்தானே தடுக்கிறது? சீல் சுழலும் தண்டைச் சுற்றி உட்காரும். கேஸ்கட் அசையாத இரண்டு முகங்களுக்கு நடுவே நசுங்கி உட்காரும். எக்ஸாஸ்டில் ஒருமுறை நசுங்கியதைத் துடைத்துத் திரும்ப மாட்டக்கூடாது. அதனால் என் பரிந்துரை 'இடையடை': இடையில் வைத்து அடைப்பது. எக்ஸாஸ்ட் கேஸ்கட் 'புகைவழி இடையடை'. பட்டறையில் 'பேக்கிங்' என்பார்கள். பம்ப் தண்டைச் சுற்றித் திணிக்கும் கயிற்றுக்கும் அதே பெயர்தான், கையேட்டுக்கு ஒத்துவராது.

> மேனிஃபோல்டுக்குப் 'பன்மடி'?

கேட்டால் பல மடங்கு என்றுதான் தோன்றுகிறது. பழைய அமெரிக்க மோட்டார்ஹோம்களில் (உள்ளேயே தங்கிப் பயணிக்கும் வீட்டு வண்டிகளில்) வந்த செவர்லே 454, ஃபோர்டு 460 எஞ்சின்கள் எல்லாம் வி8, அதாவது V வடிவில் எட்டு சிலிண்டர். பக்கத்துக்கு நான்கு சிலிண்டர். அந்த நான்கின் புகையையும் ஒரே குழாயில் சேர்ப்பது இந்த வார்ப்பிரும்புக் கிளை. 'புகைத்திரட்டி' போதும்.

எழுதிப் பார்த்தால்தான் சொல் நிற்குமா என்று தெரியும். கையேட்டுக்கான வரைவு:

"குளிர்ந்த எஞ்சினைக் கிளப்பியதும் 'டிக் டிக்' என்று கேட்டு, சூடேறியதும் அடங்கினால் இடையடையைச் சந்தேகியுங்கள். இரும்பு விரிந்து இடைவெளியை மூடிக்கொள்வதால் சத்தம் குறையும். முன் இருக்கைகளுக்கு நடுவேயுள்ள எஞ்சின் மூடியைக் கழற்றினால், கசியும் இடத்தில் கரி படிந்திருப்பது தெரியும். போல்ட்டுகளுக்கு முந்தின இரவே துரு இளக்கும் எண்ணெய் விடுங்கள். வராததை வம்புக்கு முறுக்கினால் தலை முறிந்து, மிச்சம் சிலிண்டர் ஹெட்டுக்குள் நின்றுவிடும். அப்புறம் அதன்மேல் நட்டு ஒன்றை வெல்டு வைத்துத்தான் திருக வேண்டும். புகைத்திரட்டியின் முகத்தில் நேரான இரும்புப் பட்டையை வைத்துப் பாருங்கள். கோணியிருந்தால் புது இடையடையும் கசியும். மாட்டும்போது நடுவிலிருந்து ஓரங்களுக்கு, இரண்டு மூன்று சுற்றாக முறுக்குங்கள்."

இதற்கு மேலே கட்டம் கட்டி ஒரு எச்சரிக்கை வேண்டும். அந்த மூடி திறப்பது வண்டிக்குள்ளே, ஆட்கள் உட்காரும் இடத்தில். எஞ்சின் புகையிலுள்ள நச்சு வாயுவான கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. புகை நாற்றம் வந்தால் பார்த்துக்கொள்ளலாம் என்று இருக்க முடியாது. அந்த வாயுவைக் கண்டறியும் அலாரம் மாட்டியே ஆக வேண்டும். சொல்லில் காட்டும் அக்கறையை இதிலும் காட்டுவோம்.

புகைத்திரட்டி கீழ்க்குழாயோடு சேரும் இடத்தில் வரும் டோனட் கேஸ்கட்டுக்கு 'வடை இடையடை' என்று ஒருவர் கேலியாக எழுதியிருந்தார். வடிவம் என்னவோ அதுதான்! 'வளைய இடையடை' என்று போட்டுவிடுகிறேன்.

போல்ட்டை எவ்வளவு முறுக்குவது என்பதைச் சொல்லும் டார்க்குக்குப் பள்ளிப் பாடநூலில் உள்ள 'திருப்புவிசை' இருக்கட்டும். ஸ்டட்தான் பாக்கி. தலையில்லாமல் இரு முனையிலும் மரை போட்ட தண்டு அது. 'இருமரைத்தண்டு' நீளமாக இருக்கிறது, 'தலையிலி'க்கு மனம் வரவில்லை. வேறு யோசனை உண்டா?