திரித்துவத்துக்கு வேத ஆதாரம்: கொஞ்சம் உதவுங்கள்

எல்லாருக்கும் ஸ்தோத்திரம். பெங்களூரு அல்சூரில் எங்கள் தமிழ் வாலிபர் வேதபாடத்தில், "திரித்துவம் (பிதா, குமாரன், பரிசுத்த ஆவி மூவரும் ஒரே தெய்வம் என்பது) வேதத்தில் எங்கே இருக்கு? 325-இல் நிசேயா சங்கம் (சபைத் தலைவர்கள் கூடிய மாநாடு) உண்டாக்கியதுதானே?" என்று ஒரு தம்பி கேட்டான். நியாயமான கேள்விதான்.

பிதா, வார்த்தை, பரிசுத்த ஆவி மூவரும் ஒன்று என்று சொல்லும் 1 யோவான் 5:7-ஐக் காட்ட எனக்கு மனசில்லை. பழைய கிரேக்கக் கையெழுத்துப் பிரதிகளில் அந்த வரி கிடையாது. கிரேக்கப் புதிய ஏற்பாட்டை அச்சில் கொண்டுவந்த அறிஞர் எராஸ்மஸே 1516 பதிப்பில் விட்டுவிட்டு 1522-இல்தான் சேர்த்தார். மத்தேயு 28:19-இல் மூவரும் சேர்ந்து வருகிறார்கள், சரி. ஆனால் மூவரும் ஒரே தெய்வம் என்று அங்கே நேராக இல்லையே? குமாரன் தெய்வம் என்று காட்ட யோவான் 1:1, 20:28 இருக்கிறது. ஆவியானவருக்கு அப்போஸ்தலர் 5:3-4 தவிர வேறென்ன காட்டலாம்?

இறையியல் படித்த அண்ணன்மார், அக்காமார் சொல்லுங்கள். அடுத்த ஞாயிறு வகுப்பு. யூடியூப் பிரசங்க லிங்க் மட்டும் வேண்டாம், ப்ளீஸ்.