எக்ஸ்5 எம், எம்5: இரண்டையும் ஓட்டியவர்கள் சொல்லுங்கள்

நண்பர்களே, 2020ஆம் ஆண்டின் பிஎம்டபிள்யூ எக்ஸ்5 எம் காம்பெடிஷன் எஸ்யூவி, அதே காலத்து எம்5 காம்பெடிஷன் செடான் இரண்டையும் ஓட்டியவர்களின் உதவி வேண்டும்.

இரண்டிலும் 4.4 லிட்டர் இரட்டை டர்போ வி8 எஞ்சின்தான். 625 குதிரைத்திறன், 750 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசை, எட்டு கியர், நான்கு சக்கர இயக்கம். நின்ற இடத்திலிருந்து 100 கிலோமீட்டர் வேகத்தைத் தொட எஸ்யூவிக்கு 3.8 விநாடி, செடானுக்கு 3.3 விநாடி என்கிறது நிறுவனம். எஸ்யூவியின் எடை 400 கிலோவுக்கு மேல் அதிகம், அதாவது ஐந்தில் ஒரு பங்குக்கும் கூடுதல். அப்படியிருந்தும் அரை விநாடிதான் பின்தங்குகிறது. புறப்படும்போது தடையாக நிற்பது எஞ்சினின் சக்தியைவிட டயரின் பிடிமானம் என்பதால்தான் இப்படி என்று நினைக்கிறேன். வேகம் ஏற ஏற எடையும் காற்றுத் தடையும் எஸ்யூவியை இழுத்துப் பிடிக்க வேண்டுமே!

ஆகவே எனக்கு முக்கியம் 100 முதல் 200 வரையிலான ஓட்டம். பந்தயத் தடத்தில் அளந்திருந்தால் விநாடிக் கணக்கைத் தாருங்கள். நின்ற இடத்திலிருந்து முழு வேகத்தில் புறப்பட உதவும் லாஞ்ச் கண்ட்ரோலில், தயார் என்பதைக் காட்டும் கொடிச் சின்னம் திரையில் தெரிந்ததும் பிரேக்கை விட்டால், எஸ்யூவியின் மூக்கு எவ்வளவு தூக்குகிறது? எந்த டயர், எத்தனை பேர் அமர்ந்திருந்தீர்கள் என்பதையும் மறக்காமல் குறிப்பிடுங்கள்.