91 வயது வாழ்ந்த பெரியம்மாவுக்கு நினைவு மலர்: எங்கிருந்து தொடங்குவது?

தென்றல்_க (கேள்வி):
வணக்கம். எங்கள் பெரியம்மா 91 வயதில் காலமானார். முப்பது வருடத்துக்கு மேல் உத்தியோகம், கடைசியில் ஒரு துறைக்கே தலைமை. ஓய்வுக்குப் பிறகும் வீட்டில் ஆள் நடமாட்டம் குறையவே இல்லை. நினைவுக் கூட்டத்தில் நான் ஏழு நிமிடம் பேச வேண்டும், 16 பக்க மலர் ஒன்றும் போட வேண்டும். எழுத உட்கார்ந்தால் பதவிப் பட்டியலாக வருகிறது. இல்லையென்றால் ‘அன்பானவர், பண்பானவர்’ என்று யாருக்கும் பொருந்துகிற வரிகள். கையில் ஒரு பெட்டி போட்டோ, வேலை தொடர்பான பழைய ஆணைகள், அவருடைய டெலிபோன் டைரி, செல்போன் இருக்கின்றன.

மெய்ப்பு:
டெலிபோன் டைரியை முதலில் எடுங்கள். கூட்டத்துக்கு வருகிறவர்களில் பெரும்பாலானோர் அவரை ஓய்வுக்குப் பிறகுதான் அறிந்திருப்பார்கள். வேலையில் இருந்த பெரியம்மாவைப் பார்த்தவர்கள் இனி கொஞ்சம் பேர்தான், அவர்களுக்கும் வயதாகியிருக்கும். போட்டோ காத்திருக்கும், இவர்களைத் தள்ளிப்போடக் கூடாது. வயதில் மூத்தவரிலிருந்து தொடங்குங்கள். காலை நேரத்தில் கூப்பிடுங்கள், அரை மணிக்கு மேல் நீட்ட வேண்டாம், பதிவு செய்ய அனுமதி கேட்டுவிடுங்கள்.

‘அவரைப் பற்றிச் சொல்லுங்கள்’ என்று கேட்டால் ‘தங்கமான மனுஷி’ என்பதோடு பேச்சு முடிந்துவிடும். கேள்வி குறுகலாக இருக்கட்டும். அவர் மேசையில் என்னென்ன இருக்கும்? கோப்பைத் திருப்பி அனுப்பினால் ஓரத்தில் என்ன எழுதுவார்? எதற்குக் கோபம் வரும்? அவர் வருவதற்கு முன் அந்த வேலை எப்படி நடந்தது, அவர் போன பிறகும் எது மாறாமல் நின்றது? பட்டியலிலிருந்து உங்களைக் காப்பாற்றுவது இந்தக் கடைசிக் கேள்விதான். ‘துணை இயக்குநர் ஆனார்’ என்றால் கேட்பவர் கண்ணில் ஒன்றும் தெரியாது. ‘ஏழு மேசை ஏறி இறங்கிய விண்ணப்பத்தை மூன்று மேசையில் முடிய வைத்தார்’ என்றால் ஆளே தெரிவார்.

சம்பவத்தை நன்றாக நினைவு வைத்திருப்பவர்கள்கூட வருடத்தைத் தவறவிடுவார்கள். ஆகவே சம்பவத்தை அவர்களிடமிருந்தும் ஆண்டை ஆணையிலிருந்தும் எடுங்கள். ஆணை பிறந்த தேதி வேறு, பொறுப்பேற்ற தேதி வேறு. மலரில் பொறுப்பேற்றதைப் போடுங்கள்.

பேச்சுக்கு: தமிழில் நிதானமாகப் பேசினால் நிமிடத்துக்கு 80 முதல் 100 சொல். ஏழு நிமிடத்துக்கு 550 போதும். நடுவில் தொண்டை அடைத்தால் நிற்க நேரம் வேண்டும். அதில் மூன்று சம்பவம்தான் அடங்கும். தாளின் ஒரு பக்கத்தில் மட்டும் பெரிய எழுத்தில் அச்சிட்டு எண் போடுங்கள். கடைசி நோய்க்கு இரண்டு வரிக்கு மேல் வேண்டாம். அது நம் மனதில் புதிதாக இருப்பதால் பாதிப் பேச்சை விழுங்கிவிடும். 91 வருடத்தில் அது எத்தனை நாள்?

அலைவரிசை:
செல்போன் விஷயத்தில் அவசரம் உண்டு. சிம்மை உடனே ரத்து செய்துவிடாதீர்கள், வங்கி ஓடிபி முதல் எல்லாம் அந்த எண்ணுக்குத்தான் வரும். தொடர்பு எண்களை ஒரே கோப்பாக ஏற்றுமதி செய்து வையுங்கள். டைரியில் இல்லாதவர்கள் அங்கே இருப்பார்கள். வாட்ஸ்அப் கணக்கு 120 நாள் சும்மா கிடந்தால் பொதுவாக நீக்கப்பட்டுவிடும். அதற்குள் முக்கியமான உரையாடல்களை மீடியாவோடு ஏற்றுமதி செய்யுங்கள். அவர் அனுப்பிய குரல் செய்திகள் ஓபஸ் (.opus) என்ற ஒலிக் கோப்புகளாக வரும். மூலத்தை அப்படியே வைத்துக்கொண்டு, கூட்டத்தில் ஒலிக்க எம்பி3 நகல் எடுங்கள். இருபது நொடி அவர் குரல் கேட்டால் போதும், நீங்கள் இரண்டு பக்கம் பேசுவதைவிட அதிகம். மற்றவர்கள் அவருக்கு எழுதியவற்றைக் கேட்காமல் மலரில் போடாதீர்கள்.

அச்சுக்கூடம்:
4×6 அங்குலப் போட்டோவை 600 டிபிஐயில் (அங்குலத்துக்கு 600 புள்ளி) ஸ்கேன் செய்தால் 2400×3600 பிக்சல் கிடைக்கும், 8×12 வரை பெரிதாக்கி அச்சிடலாம். அச்சகத்துக்கு வாட்ஸ்அப்பில் அனுப்புவதென்றால் போட்டோவாக அனுப்பாதீர்கள், சுருங்கிவிடும், டாக்குமென்டாக அனுப்புங்கள். பசை ஆல்பத்தில் ஒட்டிக்கொண்ட படத்தை நகத்தால் பிய்க்க வேண்டாம். பல் இடுக்கு நூலைப் பின்னால் விட்டு மெதுவாக அறுங்கள். வராவிட்டால் பக்கத்தோடு ஸ்கேன் செய்யுங்கள். படத்தின் பின்பக்க எழுத்தையும் ஸ்கேன் செய்யுங்கள், பெயர்கள் பெரும்பாலும் அங்கேதான்.

நடுவில் பின் அடிக்கும் மலருக்குப் பக்கங்கள் நான்கின் மடங்காக இருக்க வேண்டும். உங்கள் 16 சரி. எழுத்துருவில்தான் எல்லாரும் மாட்டுகிறார்கள். யூனிகோடில் தட்டியதைச் சில அச்சகங்கள் பழைய எழுத்துருவுக்கு மாற்றும்போது கொம்பும் காலும் இடம் மாறும், ‘கொ’ ‘கெ’ ஆகும். மாற்றிய பிறகு வரும் பிடிஎஃப்பைத்தான் மெய்ப்புப் பார்க்க வேண்டும், உங்கள் மூலத்தை அல்ல.

நிலைப்படி:
மெய்ப்பு சொன்னதில் ஒன்று சேர்க்கிறேன். பழகுகிற மனுஷியின் மலர் பெரிய மனிதர்களின் செய்திகளால் நிறைந்துவிடும்; அவர்களுக்குத்தான் அவரைக் குறைவாகத் தெரிந்திருக்கும். பள்ளித் தோழி, அலுவலக உதவியாளர், கார் ஓட்டியவர், பக்கத்து வீட்டுப் பிள்ளை என ஒவ்வொரு வட்டத்திலிருந்தும் ஒருவர் போதும். ‘ஒரே ஒரு சம்பவம், 100 சொல், இந்தத் தேதிக்குள்’ என்று கேளுங்கள். எழுத வராதவர் சொல்வதை நீங்கள் எழுதி, திரும்பப் படித்துக் காட்டுங்கள். முழுப் பிறந்த தேதி, வீட்டு முகவரி இரண்டையும் மலரில் போடாதீர்கள், மோசடிக்காரர்கள் அதைத்தான் தேடுவார்கள். ஆண்டு மட்டும் போதும்.

தென்றல்_க:
மிக்க நன்றி. ஒரு சந்தேகம்: ஒரே சம்பவத்தை இருவர் வேறு வேறாகச் சொன்னால்?

மெய்ப்பு:
நேரில் இருந்தவர் யார் என்று பாருங்கள். இருவருமே இருந்திருந்தால் இரண்டையும் அவரவர் பெயரில் பக்கத்தில் பக்கத்தில் போடுங்கள். இருவருமே கேள்விப்பட்டதுதான் என்றால், எவ்வளவு சுவையாக இருந்தாலும் விட்டுவிடுங்கள்.