பெரியப்பாவின் இடது காலும் துண்டுக் காணிகளும்

குழு: கோண்டாவில் வீடு

பெரியம்மா, மாலை 6.12
பிள்ளை, பெரியப்பாவின் இடது கால் ஆறு மாதமாக மறுபடியும் சோர்ந்து வருகிறது. நான்கு வயதில் இளம்பிள்ளைவாதம் வந்த அதே கால்தான். போன கிழமை காட்டிய இடத்தில், உடற்பயிற்சி போதாது, தினமும் களைக்கக் களைக்க நடக்க வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். அப்படி நடந்துவிட்டு வந்தால் இரண்டு நாள் எழும்ப முடியாமல் கிடக்கிறார்.

கனடாச் சித்தி, மாலை 6.20
இலங்கையில் 1993க்குப் பிறகு அந்த நோயே இல்லை என்றல்லவா நினைத்திருந்தேன். கிருமி இத்தனை காலமும் உடம்புக்குள் ஒளித்திருந்ததா?

நான், மாலை 6.41
இல்லைச் சித்தி, கிருமி அன்றைக்கே தன் வேலையை முடித்துவிட்டது. இது பல வருடம் கழித்து வரும் அதன் பின்விளைவாக (post-polio syndrome) இருக்கலாம். கிருமி தாக்கியது தசையை அல்ல, முள்ளந்தண்டுக்குள் ஓடும் முண்ணாணின் முன்பக்கத்தில் உள்ள இயக்க நரம்புக்கலங்களை. அத்தகைய ஒவ்வொரு கலமும் தன் நீண்ட இழையைத் தசைக்குள் அனுப்புகிறது. அந்த இழை அங்கே பல கிளைகளாகப் பிரிந்து, ஒரு கிளைக்கு ஒரு தசைநார் என்று பற்றிக்கொள்கிறது. ஒரு கலத்தையும் அதற்குரிய நார்கள் அனைத்தையும் சேர்த்து இயக்க அலகு என்கிறோம். 1925இல் லிடல், செரிங்டன் என்ற உடலியல் ஆய்வாளர்கள் இருவரும் கொடுத்த பெயர் அது. கண்ணை அசைக்கும் தசையில் ஓர் அலகுக்குப் பத்து நார் அளவுதான் இருக்கும். கெண்டைக்காலில் ஆயிரத்துக்கும் மேல். கலம் கட்டளையிட்டால் அதன் நார்கள் எல்லாம் ஒன்றாகச் சுருங்கும்.

அண்ணா, மாலை 6.50
கலம் செத்தால் நாரும் செத்துப்போக வேண்டுமே. பெரியப்பா ஓய்வு பெறும்வரை சைக்கிளில் அல்லவா வேலைக்குப் போய்வந்தார்?

நான், மாலை 7.08
அதற்குக் காரணம் நார்கள் அமைந்திருக்கும் விதம்தான். ஓர் அலகின் நார்கள் ஒரே கட்டாக இருப்பதில்லை. எங்கள் தோட்டவெளியை நினைத்துப் பாருங்கள்: சீதனமாகவும் பங்காகவும் பிரிந்து பிரிந்து, ஒருவருடைய காணி இங்கே இரண்டு பரப்பு, அங்கே ஒரு பரப்பு என்று மற்றவர்களின் காணிகளுக்கு நடுவே சிதறிக் கிடக்கிறதல்லவா? தசையிலும் அதே நிலைதான். புயத்தின் இருதலைத் தசையில் ஓர் அலகின் நார்கள் 5 முதல் 10 மில்லிமீற்றர் அகலத்தில் பரவியிருக்கும். அதே இடத்தில் வேறு பல அலகுகளின் நார்களும் கலந்திருக்கும். ஒரு கலம் இறந்தால், கைவிடப்பட்ட நாருக்குப் பக்கத்திலேயே உயிருள்ள இன்னொரு கலத்தின் கிளை இருக்கும். அதிலிருந்து புதிய தளிர் விட்டு அந்த நாரையும் ஏற்றுக்கொள்ளும். வெளிநாடு போனவரின் துண்டை வரம்புக்கு அப்பால் உள்ளவர் எடுத்துச் செய்வது போலத்தான். செய்பவர் வெங்காயக்காரரானால் புகையிலை நின்ற துண்டும் வெங்காயமாகிவிடும். அதேபோல் விரைவாகச் சுருங்கும் நாரும், மெதுவான அலகுக்குக் கைமாறினால், காலப்போக்கில் அந்த அலகின் குணத்தையே பெறுகிறது. அதனால்தான் இத்தகைய தசையில் ஒரே வகை நார்கள் கூட்டம் கூட்டமாகத் தெரிகின்றன.

பெரியப்பா, மாலை 7.15
நிலத்தில் மட்டுமல்ல, காலிலும் பிறத்தியார் காணியைத்தான் அறுபது வருடமாகக் கொத்தியிருக்கிறேன் போலும். அது நன்றாக நடந்தால் இப்போது ஏன் தோற்கிறது?

நான், மாலை 7.33
ஒரு கலம் தனக்குரியதைப் போலப் பல மடங்கு நார்களை இத்தனை வருடம் சுமந்திருக்கிறது, பெரியப்பா. அறுபது வயதைக் கடந்தால் எல்லோருக்குமே இயக்க நரம்புக்கலங்கள் குறையத் தொடங்கும். மற்றவர்களுக்குக் கையிருப்பு உண்டு, உங்கள் இடது காலுக்கு அது அன்றைக்கே செலவாகிவிட்டது. மிகைச் சுமை தாங்கிய கலங்கள் தம் நுனிக் கிளைகளை ஒவ்வொன்றாக இழக்கின்றன என்பதே பெரும்பாலானோர் ஏற்கும் விளக்கம். இன்னொன்றும் உண்டு. உடல் சிறிய அலகுகளை முதலிலும் பெரியவற்றைக் கடைசியிலும்தான் வேலைக்கு அழைக்கும். ஹென்னமன் என்ற ஆய்வாளர் 1965இல் விளக்கிய ஒழுங்கு இது. எனக்குச் சாதாரண நடைக்குச் சிறியவை போதும். உங்களுக்கோ அலகுகளே குறைவு என்பதால், மாடிப்படிக்கு ஒதுக்கிவைத்தவையும் முற்றத்தில் நடக்கவே இறங்கவேண்டியிருக்கிறது. களைக்கக் களைக்க நடக்கச் சொன்னது எனக்குச் சரியாகப் படவில்லை. இடையிடையே இருந்து, களைப்பு வருமுன் நிறுத்தும் பயிற்சிதான் பொருந்தும்.

கனடாச் சித்தி, மாலை 7.40
அப்படியானால் அந்தப் பின்விளைவுதான் நோய் என்று முடிவா?

நான், மாலை 7.46
முடிவல்ல, சித்தி. முள்ளந்தண்டில் நரம்பு நெரிபடுவது, தைரொயிட் குறைவு போன்றவை இல்லை என்று முதலில் பார்க்க வேண்டும். போதனா வைத்தியசாலையில் நரம்பியல் நிபுணரிடம் காட்டினால் ஈ.எம்.ஜி. பரிசோதனையும் தேவையா என்று சொல்வார். தசைக்குள் மெல்லிய ஊசியை வைத்து அலகுகளின் மின்னலைகளைப் பதியும் பரிசோதனை அது. பருத்துப்போன அலகின் அலை வழமையை விட மிக உயரமாகத் தெரியும்.

பெரியப்பா, மாலை 7.52
ஊசி குத்தட்டும். நாளைக்குத் திருநெல்வேலிச் சந்தைக்குச் சைக்கிளில் போய்வரலாமா என்பதை மட்டும் சொல்.

பெரியம்மா, மாலை 7.53
சைக்கிள் திறப்பு என்னிடம் இருக்கிறது, பிள்ளை. நீ பதில் எழுத வேண்டாம்.