காரங்காட்டில் முதல் பேக்ராஃப்ட் பயணம், சரிப்படுமா?

கேள்வி
காற்றடைத்து ஓட்டி, முடிந்ததும் மடித்து முதுகில் சுமக்கும் பேக்ராஃப்ட் படகு ஒன்று வாங்கியிருக்கிறேன், மூன்று கிலோதான். ராமநாதபுரம் மாவட்டத்தில் பாக் விரிகுடாக் கரையில் இருக்கும் காரங்காடு அலையாத்திக் காட்டில் ஒரு நாள் தனியாகத் துடுப்புப் போட ஆசை. மன்னார் வளைகுடாத் தீவு ஒன்றையும் எட்டிப் பார்க்கலாமா?

தொண்டிக்காரன்
தீவை மறந்துவிடுங்கள் தம்பி. அந்த 21 தீவுகளும் கடல்சார் தேசியப் பூங்கா, அனுமதியில்லாமல் கால் வைக்க முடியாது. காரங்காட்டிலும் வனத்துறையிடம் கேட்டுவிட்டே இறங்குங்கள்.

அப்புறம் காற்று. ஆடியில் பாக் விரிகுடாப் பக்கம் தண்ணீர் குளம்போலக் கிடக்கும், அதை நம்பிக் கடலுக்குள் போனால் கச்சான் காற்று (மேற்கிலிருந்து வீசும் காற்று) கரையிலிருந்து வெளியே தள்ளிக்கொண்டே போகும், கனமில்லாத தட்டைப் படகைத் திருப்பி எதிர்க்காற்றில் வலிப்பதற்குள் கை ஓய்ந்துவிடும். காட்டுக்குள் இருக்கும் கால்வாயைத் தாண்டாதீர்கள்.

மண்டபம் அக்கா
அலையாத்தி மரங்களின் மூச்சுவேர்களைக் கவனியுங்கள், கடல் வற்றும் நேரத்தில் சேற்றுக்கு மேலே நீட்டிக்கொண்டு நிற்கும். வேரில் ஒட்டிய சிப்பி படகைக் கிழித்துவிடும். ஒட்டுப்போடும் பசை, மிதவைச் சட்டை இரண்டும் கட்டாயம். தனியாகவா? வேண்டாமே.

கேட்டவர்
சரி அக்கா, நண்பனையும் இழுத்துக்கொண்டு மாசியில் வருகிறேன். காலையிலேயே இறங்கிவிடவா?

தொண்டிக்காரன்
ஆமாம், வெயில் ஏறினால் காற்றும் ஏறும்.