குளத்தை ஒட்டிய வயலில் இலைநுனி வெட்டுப்படுகிறது: இலைச்சுருட்டா, கூண்டுப்புழுவா?

கேள்வி:
நெல் நட்டு 22 நாள். பள்ள வயல், எப்போதும் நாலு விரல் தண்ணீர் நிற்கும். இலைநுனி கத்தரி வைத்து வெட்டின மாதிரி போயிருக்கிறது. தண்ணீரில் ஒரு அங்குலத்துக்கும் குறைவான பச்சைக் குழல்கள் மிதக்கின்றன. சாயங்காலம் சின்ன வெள்ளை அந்துப்பூச்சி எழும்புகிறது. கடையில் இலைச்சுருட்டுப்புழு என்று மருந்து கொடுத்தார்கள். அடிக்கலாமா?

பதில் 1:
அடிக்காதீங்க, இது கூண்டுப்புழு. இலைச்சுருட்டு செடியிலேயே இலையை நீளவாக்கில் மடித்து உள்ளே இருக்கும். இது நுனியை வெட்டிக் குழலாக்கி, அதோடு மிதந்து அடுத்த தூருக்குப் போகும். ஒரு குழலைப் பிரித்துப் பாருங்க. உள்ளே ஈரம் இருக்கும், வெளிர்பச்சைப் புழுவின் பக்கவாட்டில் மெல்லிய இழைகள் தெரியும். அவைதான் செவுள், மீன் மாதிரி தண்ணீரில் மூச்சு விடுகிற புழு. இதன் அறிவியல் பெயர் பழைய கையேடுகளில் நிம்ஃபுலா டிபங்டாலிஸ், இப்போது பாராபோய்ன்க்ஸ் ஸ்டாக்னாலிஸ். இரண்டும் ஒன்றுதான்.

தண்ணீர் இருக்கும்போதே இரண்டு பேர் ஆளுக்கொரு முனையாகக் கயிற்றைப் பிடித்துப் பயிர்மேல் இழுங்க. குழல்கள் உதிர்ந்து மிதக்கும். அப்புறம் தண்ணீரை வடியுங்க, 2-3 நாள் சேறு தெரிய விடுங்க. முதலில் வடித்துவிட்டுக் கயிறு இழுத்தால் அவை மிதந்து ஒதுங்காது, பொறுக்கவும் முடியாது.

பதில் 2:
வடிகால் வாயில் கொசுவலைத் துணி கட்டுங்க. இல்லாவிட்டால் உங்கள் புழு கீழ்வயலுக்குக் குடிபோகும், சண்டைதான் மிச்சம். யூரியா போட்ட கையோடு வடிக்காதீங்க, உரமும் தண்ணீரோடு போய்விடும். வடித்து, மறுபடி தண்ணீர் கட்டும்போது மேலுரம் போடலாம், அதையும் பிரித்துப் பிரித்து.

கேள்வி கேட்டவர்:
நன்றிங்க. வடித்து 3 நாள் ஆச்சு, குழல் நிறையக் காய்ந்துவிட்டது. ஆனால் பூச்சி இன்னும் பறக்கிறதே?

பதில் 1:
தூரின் அடித்தண்டில், தண்ணீர் மட்டத்துக்கு மேலே ஒட்டியிருக்கும் கூடுகளைப் பாருங்க. அதற்குள் இருப்பது கூட்டுப்புழு, அதாவது புழு பூச்சியாக மாறுகிற நிலை. தண்ணீரை வடித்தாலும் சாகாது, அதிலிருந்துதான் பூச்சி வருகிறது. முட்டை இடுவது தண்ணீரைத் தொடும் இலையின் அடியில். அதனால் ஒரு வாரம் கழித்து இன்னொரு தடவை வடியுங்க. வரப்புப் புல்லையும் கோரையையும் அறுத்துவிடுங்க, அதிலும் வளரும்.

பதில் 3:
பயிர் இன்னும் தூர் கட்டும் பருவம்தான். வேறு பூச்சி சேராவிட்டால் தேறிவிடும், அறுவடை ஒரு வாரம் பத்து நாள் தள்ளலாம். செயற்கை பைரித்ராய்டு மருந்து அடித்தால் பூச்சியைத் தின்னும் சிலந்தியும் நீர்வண்டும் செத்து, பின்னாலேயே தண்டில் சாறு உறிஞ்சும் புகையான் பூச்சி பெருகும். கடையில் கொடுத்தது அந்த வகையா என்று டப்பாவைப் பார்த்துச் சொல்லுங்க.